பிறர் பல் துலக்கும் பிரஷ்

காலையில் எழுந்ததும் பல் துலக்குதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் நல்வழக்கமாகும். பல் துலக்காமுன் ஒரு மிடறு நீரும் பருகாத முதியோர் நம் ஊர்களில் இன்றும் உளர். ஆயின், அவ்வழக்கம் தன் கை தனக்கு உதவும் வரையில்தான் நடைபெறும். பக்கவாதத்தாற் கை செயலற்றவர், நடுக்குவாதத்தால் விரல் நிலைகொள்ளாதவர், முதுமை மறதியால் தாம் செய்வது இன்னதென்பதையே மறந்தவர், மூளை வளர்ச்சிக் குறையோடு பிறந்த குழந்தைகள், படுத்த படுக்கையாய்க் கிடப்போர் ஆகிய இவர்கட்குப் பிறர் ஒருவரே பல் துலக்கிவிட வேண்டும். நோயாளரைக் குளிப்பாட்டலும், உணவு ஊட்டலும், வேளை தவறாது மருந்து கொடுத்தலும் செய்யும் இல்லத்தார் பலர் இவ்வொன்றை மட்டும் விட்டுவிடுகின்றனர். இஃது அன்பின் குறைவால் நேர்வதன்று. கடையில் விற்கும் பிரஷ் தன் பல்லைத் தானே துலக்குவார்க்கென அமைந்தது. பிறர்க்குத் துலக்குவார் கைக்கு அது இணங்குவதில்லை. அவர்க்குரிய பிரஷ் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

இதனை அற்பக் காரியம் என எண்ணற்க. வாய் தூய்மையின்றி இருப்பின் பற்களின்மேற் படியும் அழுக்குப் படலத்திற் கிருமிகள் பெருகுகின்றன. விழுங்கும் ஆற்றல் குன்றியவர் உறங்கும்போது எச்சில் இரைப்பைக்குச் செல்லாது மூச்சுக்குழலில் இறங்குவதுண்டு. எச்சிலோடு கிருமிகளும் நுரையீரலை அடைந்து நிமோனியாக் காய்ச்சலை விளைக்கும். ஜப்பான் தேசத்தில் முதியோர் இல்லங்கள் 11-இல் இரண்டாண்டுகள் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1999-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஒரு சாரார்க்கு ஒவ்வோர் உணவின் பின்னும் பணியாளர் பல் துலக்கி வந்தனர். மற்றொரு சாரார் அவ்வுதவியின்றி இருந்தனர். துலக்கப்பட்டோருள் நூற்றுக்கு 11 பேரும், ஏனையோருள் நூற்றுக்கு 19 பேரும் நிமோனியா உற்றனர். பல்லே இல்லாத முதியோரும் வாய் தூய்மை செய்யப்பெற்றதனாற் பயனடைந்தனர் என்பது அவ்வாராய்ச்சியிற் கண்ட மற்றோர் உண்மை. ஆகவே, பிரஷ் பிடிக்கும் கை ஒருவரது பல்லை மட்டுமன்றி உயிரையும் காக்கும் கையாகும்.

காவிரி பாயும் நம் தஞ்சை நாட்டில் இச்செய்தி பலர் இல்லத்தைத் தொடுவது. படித்த மக்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் செல்ல, ஊரில் முதிய பெற்றோர் தனித்திருக்கின்றனர். கணவர் படுக்கையிற் கிடந்தால் அவரினும் நான்கைந்தாண்டே இளைய மனைவி அவரைப் பேணுகின்றார். வேறு இல்லங்களில் மருமகள் விடியுமுன் நடவுக்கோ களையெடுப்புக்கோ சென்றாக வேண்டும். நோயாளியின் வாய்க்கு அவள் செலவிடக்கூடிய காலம் சில நிமிடங்களே. தமிழ்நாட்டு அரசினர் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால் வீடு தேடி மருந்தும், இயன்முறை மருத்துவமும், நோய் தணிப்புப் பராமரிப்பும் கிடைக்கலாயின. ஆயினும், நாடோறும் காலையும் இரவும் பல் துலக்கும் பணி வீட்டாருடையதே. ஆதலின் கருவி எளியதாயும், விலை குறைந்ததாயும், விரைந்து தொழிற்படுவதாயும் இருத்தல் வேண்டும்.

பல் துலக்கும் கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம்மவர் நெடுங்காலம் கையாண்டவை. குச்சியின் நுனியைத் தானே மென்று நாராக்க வேண்டுமாதலின், அது மெல்ல இயலாதார்க்கு உதவாது. நெல் விளையும் நாட்டிற்கு உரிய பல்பொடி உமிக்கரி. உமியைச் சுட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் எஞ்சும். அதிற் பெரும்பகுதி சிலிகா என்னும் மணற்சத்து. பல்லை வெண்மையாக்கும் அதுவே பல்லின் மேற்பூச்சையும் தேய்த்துவிடும். உமிக்கரியைப் பல்லிலே தேய்த்தது விரல். பிறர்க்குப் பல் துலக்கிய முதற் கருவியும் விரலே எனலாம். தாய் குழந்தைக்கு அவ்வாறே துலக்கினாள். விரலுக்கு மென்மையும் உணர்ச்சியும் உண்டு. ஆயின் பல்லிடுக்கில் அது புகாது, நோயாளி கடித்துவிடும் அபாயமும் உண்டு.

பன்றி மயிரை எலும்பிற் பதித்த பிரஷ் சீன தேசத்திற் பல நூற்றாண்டுகட்கு முன்னரே வழங்கிற்று. இங்கிலாந்தில் 1780-ஐ ஒட்டி வில்லியம் அடிஸ் என்பவர் அதனைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கினார் என்பர். 1938-இல் அமெரிக்காவில் நைலான் இழை பன்றி மயிரின் இடத்தைக் கொண்டது. 1954-இல் சுவிட்சர்லாந்தில் ‘பிராக்சோடென்ட்’ என்னும் மின்சார பிரஷ் தோன்றிற்று. கையசைவு குன்றியவர்க்கு உதவுதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. இங்ஙனம், இன்று நலமுடையார் பலரும் கையாளும் ஒரு கருவி நலிந்தோரை எண்ணிப் பிறந்தது என்பது கருதத்தக்கது.

இனி, தனக்குத் துலக்குதற்கும் பிறர்க்குத் துலக்குதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை? முதலாவது, உணர்ச்சி. தன் ஈற்றில் பிரஷ் அழுந்தினால் நோவு தோன்றும். கை தானே தளரும். பிறர் வாயில் அழுந்தும்போது கைக்கு அச்செய்தி எட்டுவதில்லை. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம் உணர்ச்சியின்மையே என்று கண்டார். வலியை அறியாத கை, பிடிக்கும் கருவியை வேண்டுமளவுக்கு மேல் அழுத்திப் புண்படுகின்றது என்றார் அவர். அவர் கண்ட உண்மை நமக்கும் பொருந்தும். ஈண்டுப் புண்படுவது பிறருடைய ஈறு. இரண்டாவது, திசை. எதிரே நின்று துலக்குவார்க்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும்; முழங்கையைத் தூக்கி மணிக்கட்டை வளைத்தாலன்றி மேற்பல்லின் உட்புறம் எட்டாது. மூன்றாவது, பார்வை. தன் வாயை நாவாற் தடவி அறியலாம். பிறர் வாயைக் கண்ணாற் கண்டே அறிய வேண்டும். பருத்த தலையுள்ள பிரஷ் அக்காட்சியை மறைத்துவிடும். நான்காவது, இசைவு. நோயாளி வாய் திறக்க மறுக்கலாம், நடுவே கடிக்கலாம், களைத்துவிடலாம்.

இந்நான்கு வேறுபாடுகளையும் மனத்திற்கொண்டு பிரஷின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதற்கண் இழை. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் 1948-இல் நல்ல பிரஷின் இலக்கணத்தை ஆராய்ந்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு பங்கு விட்டமும் உருண்ட நுனியும் உள்ள நைலான் இழையே தக்கது என்றார். பிறர் வாயிற் புகுவது இதனினும் மெல்லியதாய் இருத்தல் நலம். பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர்: ஒரு கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆதலின் 0.20 மில்லிமீட்டர் இழையை 0.15 மில்லிமீட்டராக மெலிவித்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். இழையின் நீளத்தைக் கூட்டினாலும் விறைப்பு விரைந்து குறையும். வெந்நீரில் நனைத்தால் நைலான் மேலும் இளகும். வீட்டார் நாடோறும் செய்யக்கூடிய எளிய உபாயம் இது.

அடுத்துத் தலை. சாதாரண பிரஷின் தலை ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் உடையது. பிறர் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் போதும். அதன் பருமனும் சிறுத்திருத்தல் வேண்டும். நம் நாட்டில் இதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. கும்பகோணம் வெற்றிலை புகழ்பெற்றது. அதனோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் முதியோரிடம் மிகுதி. பாக்கை நெடுநாள் மென்றவர் சிலர்க்குக் கன்னத்தின் உட்புறம் நாரேறி இறுகி, வாய் இரண்டு விரற்கடையும் திறவாமற் போகும். அவர் வாயிற் பருத்த தலை நுழையாது.

மூன்றாவது, கழுத்து. நோயாளி நாற்காலியில் அமரக்கூடியவராயின், துலக்குவார் அவர் பின்னே நின்று, தலையைத் தம் மார்பிற் சாய்த்து, இடக்கையால் தாடையைத் தாங்கித் துலக்கலாம். அப்பொழுது துலக்குவார் கையின் திசை தம் பல்லைத் துலக்கும் திசையோடு ஒத்துவிடும். நேரான கழுத்துள்ள பிரஷே போதும். இங்ஙனம், நிற்கும் இடத்தை மாற்றினாலே கருவியின் குறையிற் பாதி நீங்குகிறது. படுக்கையிற் கிடப்பார்க்குப் பக்கத்தில் நின்றே துலக்க வேண்டுதலின், கழுத்துச் சிறிது வளைந்திருத்தல் வேண்டும். அவ்வாறாயின் மணிக்கட்டை வளையாமலே ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் இழைகள் 45 பாகை சாய்ந்து படியும்.

நான்காவது, கைப்பிடி. இங்கே ஒரு மயக்கம் உண்டு. பருத்த கைப்பிடி நன்று எனப் பலர் கூறுவர். அது, பிடி தளர்ந்த நோயாளி தாமே துலக்குதற்கு ஏற்றது. சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையை மாட்டினாலே அத்தகைய பிரஷ் அமைந்துவிடும். பிறர்க்குத் துலக்குவார்க்கோ பேனாவைப் பிடிப்பதுபோல் மூவிரலாற் பிடிக்கும் மெல்லிய, நீண்ட கைப்பிடியே தக்கது. முழுக்கையாற் பற்றினால் தோளின் வலிமை முழுவதும் ஈற்றின்மேல் இறங்கும். மூவிரலாற் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். வீட்டுத் தராசின் தட்டிற் பிரஷை அழுத்தி, 150 கிராம் எடைக்குரிய அழுத்தம் எவ்வளவு என்பதைக் கைக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

இனி, மும்முகப் பிரஷ் ஒன்றுண்டு. மூன்று வரிசை இழைகள் பல்லின் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கவ்வித் துலக்கும். பிறர் ஒருவர் துலக்குமிடத்து, சாதாரண பிரஷைவிட இஃது அழுக்கை மிகுதியாக அகற்றுகிறது என நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் பல சோதனைகளைத் தொகுத்து 2018-இல் எழுதினர். காலமும் சுருங்கும், நடவுக்குச் செல்லும் மருமகளுக்கு இது பெரிய உதவி. ஆயின் கோணலான பல்லிலும், இடைப்பல் விழுந்த வரிசையிலும், இறுகிய வாயிலும் இது செவ்வனே தொழிற்படாது. பெரிய மருத்துவமனைகளில் எச்சிலை உறிஞ்சும் குழலோடு கூடிய பிரஷும் உண்டு. விழுங்க இயலாதார்க்கு அது மிகவும் ஏற்றது.

எத்துணைச் சிறந்த கருவியாயினும் முறையறிந்து கையாளாவிடிற் கேடு பயக்கும். நோயாளியை மல்லாத்திப் படுக்கவைத்து வாயில் நீர் வார்த்தல் ஆகாது. தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தை ஒருபுறம் சாய்த்தல் வேண்டும். துப்ப இயலாதார்க்கு அரிசி மணியளவு பசையே போதும். துலக்கிய பின் ஈரத்துணியாற் துடைத்தெடுக்கலாம். பக்கவாதமுற்ற பக்கத்துக் கன்னத்தினுள் உணவு தங்கிக் கிடக்கும். அதனை மறவாது நீக்க வேண்டும். கடிப்பவர் வாயில் விரலை விடுதல் கூடாது. துணி சுற்றிய மற்றொரு பிரஷின் காம்பைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்துக்கொள்ளலாம். கட்டுப்பல்லை இரவிற் கழற்றிக் கழுவி நீரில் இடுதல் வேண்டும். ஈற்றிற் சிறிது குருதி கசிந்தால் துலக்குவதை நிறுத்தற்க. அழுக்கே பெரும்பாலும் கசிவிற்குக் காரணமாதலின், மென்மையாகத் தொடர்க. சில நாளில் நில்லாவிடின் மருத்துவரிடம் காட்டுக. வாயினுள் வெண்மையாகவோ செம்மையாகவோ திட்டுத் தோன்றி இரண்டு வாரத்தில் ஆறாவிடினும் அவ்வாறே செய்க. பாக்கு புற்றுநோய் விளைக்கும் பொருள் என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் உறுதி கூறியது. நாடோறும் துலக்குவார் கண்ணே அந்நோயை முதலிற் காணும் கண்ணாகலாம்.

நம் கல்லூரி மாணவர் இக்கருவியைத் தாமே அமைத்துப் பார்க்கலாம். மெல்லிய பிரஷ் ஒன்றின் காம்பை வெந்நீரில் இளக்கி வளைத்தல் அரிதன்று. மூங்கிற் சிம்பைச் சேர்த்துக் கட்டிக் காம்பை நீட்டலும் எளிதே. ஆயின் அமைத்ததைச் சோதிக்கும் முறை முக்கியம். அமைத்தவர் முதலிற் தாம் பாயிற் படுத்து, தம் தோழரைக் கொண்டு தம் பல்லைத் துலக்குவித்துக்கொள்ளல் வேண்டும். இழை குத்துமிடமும், குமட்டல் தோன்றுமிடமும், மூச்சுத் திணறும் நேரமும் அப்பொழுதே தெளிவாகும். பின்னர், ஓரில்லத்தார் இசைவு பெற்று அவரைக் கையாளச் செய்து, ஆன நிமிடங்களையும் ஈற்றின் நிலையையும் நாள்தோறும் எழுதிவைத்தல் வேண்டும். மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசுரிமை வகித்த சரபோஜி மன்னர், கண் நோயாளரின் நோய்க்குறிப்புக்களைக் கண்ணின் வண்ணப்படங்களோடு எழுதுவித்தார்; அவை சரஸ்வதி மகாலில் உள்ளன. கண்டதைக் கண்டவாறு எழுதிவைக்கும் அவ்வழக்கம் பிரஷ் அமைப்பார்க்கும் வேண்டுவதே.

நோயாளியின் நாணத்தையும் நாம் எண்ணல் வேண்டும். நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர் இன்று பிறர் முன்னே வாய் திறந்து கிடக்க நேர்வது அவர்க்குப் பெருந்துன்பம். முதலில் சொல்லி, இசைவு பெற்று, கைப்பிடியில் அவர் கையையும் சேர்த்துப் பிடிக்கச் செய்து துலக்கினால் அத்துன்பம் தணியும். ஆதலின் கைப்பிடி இருவர் கைக்கும் இடந்தரும் நீளம் உடையதாய் இருத்தல், அளவையும் விறைப்பையும் போலவே, நல்ல பிரஷின் இலக்கணத்துட் சேரும். ஆண்டவர் தம் சீடரின் கால்களைத் தாமே கழுவினார் என்று நாம் ஆலயத்தில் ஆண்டுதோறும் கேட்கின்றோம். படுக்கையிற் கிடக்கும் பெற்றோரின் வாயைக் கழுவும் பணியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்திலோ அயலிலோ அப்பணிக்கு உரியவர் ஒருவர் உளரா என்று பார்த்து, மெல்லிய பிரஷ் ஒன்றையும் உடன் கொண்டு செல்வாராக.