பிரிந்து கூடிய இரட்டையர்

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் தமிழர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எவ்வாறேனும் பழைய திரைப்பாடல்களில் வந்து நிற்பது வழக்கம். சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத் தொலைவிலுள்ள போர்ட் பிளேர் நகரில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற அந்நகரில், நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் அவ்வாறு கூடினோம். அவர் பேணி வைத்திருந்த குறுந்தகட்டில் ஒரு காட்சி ஓடியது. எம். எஸ். விசுவநாதனும் டி. கே. ராமமூர்த்தியும் 2012 ஆகஸ்டு 29 அன்று சென்னையில் ஒரே மேடையில் வீற்றிருந்த காட்சி அது.

அக்காட்சியின் அருமையை உணர, அவர்கள் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். இருவரும் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் பணியாற்றியவர்கள். 1952-இல் அவர் மறைந்தபின், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தின் வாயிலாக இரட்டை இசையமைப்பாளர்களாயினர். ராமமூர்த்தி ஆறாண்டு மூத்தவர். ஆயினும் இளையவரின் பெயரே முன் நின்றது. 1963-இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் பெற்றனர். ‘பாசமலர்’, ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’ என அவர்தம் புகழ் ஓங்கியது. 1965-இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு, அந்தக் கூட்டு முறிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்திற்காக மீண்டும் இணைந்தனர்.

காட்சி ஓடிக்கொண்டிருக்கையிலேயே வழக்கமான விவாதம் எழுந்தது. வயலின்கள் பொங்கிவரும் இடமெல்லாம் ராமமூர்த்தியின் கைவண்ணமே என்றார் ஒரு பெரியவர். அவர் தேர்ந்த வயலின் கலைஞர் அல்லவா? மெட்டின்றி வயலினுக்கு என்ன வேலை, பிரிந்தபின் நூற்றுக்கணக்கான படங்களுக்குத் தனித்து இசையமைத்தவர் விசுவநாதன்தாமே என்றார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒரு பாடல் பிறக்கும் அறையில், ஆர்மோனியத்தில் ஒருவர் விரல் தயங்குகையில் மற்றவர் வில் வழிகாட்டியிருக்கலாம். ஒருவர் சொன்னதை மற்றவர் வேண்டாமெனத் தள்ளியதும் இசையமைப்பின் பகுதியே. சோற்றில் கலந்த உப்பைப் பின்னர்ப் பிரித்தெடுக்க இயலுமோ? படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் இரண்டும் சேர்ந்தே வந்தன. பாகப்பிரிவினைக் கணக்கை அவை நமக்குத் தரவில்லை.

விவாதம் தீராதிருக்கையில், திரையில் 90 வயது ராமமூர்த்தியும் 84 வயது விசுவநாதனும் அருகருகே அமர்ந்திருந்தனர். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்னும் ஒரே பட்டத்தை வழங்கினார். அங்கிருந்த அனைவரும் வாளாவிருந்தோம். யார் எதைச் செய்தார் என்பதற்கு அக்காட்சி சான்றாகாது; பிரிவே அவர்கள் கதையின் முடிவன்று என்பதற்குச் சான்றாகும். 2013 ஏப்ரலில் ராமமூர்த்தியும், 2015 ஜூலையில் விசுவநாதனும் மறைந்தனர். இனி அத்தகைய காட்சி ஒன்று புதிதாகத் தோன்றப் போவதில்லை.

அந்நிலையில் தகடு தடுமாறி நின்றுவிட்டது. வீட்டில் பதிவு செய்யும் தகடுகளில் பெரும்பாலானவற்றில் செய்தி மெல்லிய சாயப் படலமொன்றில் தங்குகிறது. வெப்பமும் ஈரமும் வெயிலும் அதனைச் சிதைக்கும். பழைய காந்த நாடாவோ ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் இவ்வழிவு விரைந்து வரும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையோ காட்சால் முதலிய தீவுகளில் வீடுகளையே கொண்டு சென்றது. ஆகவே இத்தகைய பதிவுகளை வைத்திருப்போர் உடனே படியெடுத்து, ஒரு படியை உலர்ந்த பெட்டியிலும், மற்றொன்றைத் தாயகத்து உறவினரிடமும் வைத்தல் நன்று.

நண்பர் தகட்டைத் துடைத்து மீண்டும் இட்டார். சிறிது நேரம் ஓடிற்று. மறுநாளே அதனைப் படியெடுத்துவிட்டோம்.