வீட்டைச் சுற்றிக் கிளுவை வேலி

நமது மாவட்டத்தின் மானாவாரிக் கிராமங்களில் வீட்டுக்கும் கொல்லைக்கும் முள்ளடைக்கும் வழக்கம் இன்னும் இருந்து வருகிறது. அடைத்த முள்ளைக் கறையான் ஓரிரண்டு ஆண்டுகளில் அரித்துவிடுகிறது. குடியானவர் மீண்டும் முள்ளுக்கு அலைய வேண்டியதாகிறது. வருசநாட்டு மலைப் பக்கம் போய் வெட்டி வரலாமென்றால், அக்காடுகள் 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகிவிட்டன. எஞ்சுவது சீமைக் கருவேல். அதன் காயை ஆடுமாடுகள் தின்று, சாணத்தின் வழியே விதை தோட்டமெங்கும் பரவிவிடும்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றித் தலைமுறையாக நிற்பது முட்கிளுவை வேலியே. ஆண்டிபட்டி போன்ற வறண்ட பகுதிக்கு அது முற்றிலும் ஏற்றது. விதையோ நாற்றோ வேண்டியதில்லை. கம்பை நட்டாலே துளிர்க்கும்.

இலையுதிர்ந்து நிற்கும் கோடையில், பெருவிரல் பருமனுக்குக் குறையாத முற்றிய கம்புகளை நான்கடி நீளத்தில் வெட்டுக. வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலில் கிடத்தி, மழை தொடங்குமுன் ஓரடி ஆழக் கால்வாயில் அரையடிக்கு ஒன்றாக நட்டு மண்ணை நன்கு மிதித்துவிடுக. கம்புகளைச் சற்றுச் சாய்த்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட வைத்துக் கட்டினால் கோழியும் நுழையாது. நாம் ஒருமுறை ஆர்வ மிகுதியால் நாள்தோறும் நீரூற்றச் செய்தோம். பாதிக் கம்புகள் அழுகிப்போயின. துளிரை ஆடு விரும்பித் தின்னுமாதலால் முதல் ஆண்டு மட்டும் பழைய முள் காவலாக இருக்கட்டும்.

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தையொட்டிய வீடுகளுக்குக் கிளுவையைவிட நொச்சியும் ஆடாதொடையும் மேல். இரண்டையும் ஆடு தீண்டாது. இரண்டும் வீட்டு வைத்தியத்திற்கு உதவும். வயலோரமாயின் கிளைரிசிடியா நடலாம். தழை நெல்லுக்கு உரமாகும். திருகுகள்ளி எளிதில் வளர்வது உண்மைதான். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. காட்டாமணக்கின் விதையோ நஞ்சு. குழந்தைகள் விளையாடும் வாசலருகே இவ்விரண்டும் வேண்டா.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. உயிர்வேலி பருக்கும். எல்லைக்கோட்டின் மீதே நட்டது சில ஆண்டுகளில் பாதையைக் கவ்விக்கொள்ளும். வண்டி போக வழியின்றி மனுக்கள் நம்மிடம் வரும். வளர்ந்த வேலியை வெட்டச் சொன்னால் எவர்க்கும் மனம் வருவதில்லை. ஆதலால் நடும் நாளன்றே அண்டை வீட்டாரையும் அழைத்து அளந்து, எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடச் செய்க. பின்னர் ஆண்டுக்கொரு முறை, கோடையில், இடுப்பளவுக்குக் கழித்துவிட வேண்டும். கழித்த கம்புகள் அடுத்த வீட்டு வேலிக்கு ஆகும்.