மண்ணுக்கும் ஓர் இடம்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் திருக்கோயிலும் மணிமுத்தாறும் உங்கள் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பீங்கான். பொம்மையும் அகல் விளக்கும் மின்சாரக் காப்புப் பொருள்களும் செய்யும் சூளைகள் நிறைந்த அந்த ஊரில், முற்றத்து மழைநீரைப் பற்றி நான் கற்ற ஒரு பாடத்தை இன்று சொல்லப்போகிறேன்.

அங்கே நான் குடியிருந்த வீட்டின் கொல்லைப்புறம் சற்றுத் தாழ்வானது. மழை பெய்தால் கணுக்கால் அளவு நீர் நிற்கும். ஆகவே தாழ்ந்த மூலையில் இரண்டடி ஆழத்துக்குச் செங்கல் தொட்டி ஒன்றைக் கட்டுவித்தேன். மேலே இரும்புச் சல்லடை போட்டேன். நீர் முழுவதும் வடியட்டும் என்று எண்ணி, தொட்டியின் அடிமட்டத்திலேயே குழாயை வைத்து, தெருவிலுள்ள மழைநீர்க் கால்வாயில் சேர்த்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தது. மூன்றாம் நாள் மழையிலே குழாய் அடைத்துக்கொண்டது. இரவில் நீர் பெருகி, மதிலின் கீழாகப் புகுந்து, அடுத்த வீட்டில் தனியே வாழ்ந்த பாட்டியின் சமையலறைக்குள் சென்றுவிட்டது. அரிசியும் பருப்பும் நனைந்தன. மறுநாள் காலை நான் தலைகுனிந்து நின்றபோது, “மழை செய்ததற்கு நீ என்னப்பா செய்வாய்?” என்றார் பாட்டி. அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. செய்தது மழையன்று, நான்.

தொட்டியைப் பார்க்க வந்த கொத்தனார் சிரித்தார். “தண்ணீர் போக வழி வைத்தீர்கள், மண் தங்க இடம் வைக்கவில்லையே!” என்றார்.

இதன் உட்பொருளைப் பீங்கான் தொழிலே விளக்குகிறது. வெட்டியெடுத்த களிமண்ணை நீரில் கரைத்து, கால்வாய் வழியே மெல்ல ஓடவிடுவார்கள். கனத்த மணல் முதலில் படியும். மென்மையான களி நீரோடு சென்று அடுத்த தொட்டியில் நெடுநேரங்கழித்துப் படியும். ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851ஆம் ஆண்டில் இதற்குரிய விதியை வகுத்தார். துகளின் குறுக்களவு பாதியானால், அது நீரில் இறங்கும் வேகம் கால்பங்காகும். பத்திலொன்றானால் வேகம் நூற்றிலொன்றாகும். அசையாத நீரில் ஓரடி இறங்க, 0.1 மில்லிமீட்டர் மணலுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கோ ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். ஆகவே நம் வீட்டுத் தொட்டி களியைப் பிடிக்காது. குழாயை அடைக்கும் மணலையும் சரளையையும் பிடிக்கும். அதுவே நமக்குத் தேவை.

இதனால்தான் இத்தகைய அமைப்பை வண்டல் தொட்டி என்கிறோம். வெளியேறும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து ஓரடியாவது உயரத்தில் இருக்கவேண்டும். அந்த ஓரடியே மண்ணுக்கு உரிய இடம். குழாயின் வாயில், கடைகளில் எல்போ என்று வழங்கும் முழங்கை வளைவைக் கீழ்நோக்கிப் பொருத்தினால், மிதக்கும் இலைகள் உள்ளே புகமாட்டா. குழாய்க்கு நூறடிக்கு ஓரடி வீதம் சரிவு கொடுக்கலாம்.

எவ்வளவு நீர் வரும் என்பதையும் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் முற்றத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர்! இவ்வளவும் வடிவதற்கேற்ற குழாய் வேண்டும். சமையலறைக் கழிவையும் கழிப்பறை நீரையும் இதில் சேர்க்கவே கூடாது.

மற்றோர் எச்சரிக்கை. அடியில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். நம் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அம்முட்டை கொசுவாகிவிடும். தொட்டியின் தரையைப் பூசாமல் ஜல்லி பரப்பினால் நீர் நிலத்தில் ஊறும். களிமண் பூமியில் ஊறச் சுணங்குமாதலால், மழை ஓய்ந்ததும் இறைத்துவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும் வண்டலை வாருங்கள். குழந்தைகள் தூக்க இயலாத கனத்த மூடி போடுங்கள்.

2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. நீர் ஊறும் குழிக்கு முன்னே இத்தகைய தொட்டி இருந்தால், அக்குழி மண்மூடிப் பாழாகாது. இது புதிய யோசனையும் அன்று. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மொகஞ்சதாரோவின் செங்கற் கால்வாய்களிலேயே வண்டல் படியும் குழிகள் இருந்தன. நிலத்தடி வடிகாலைச் சுருங்கை என்ற அழகிய சொல்லால் பழந்தமிழர் வழங்கினர்.

கொத்தனார் குழாயை ஓரடி உயர்த்தி வைத்தார். அடுத்த ஐப்பசியில் மழை கொட்டிய இரவு, விளக்கை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய் நின்றேன். நீர் வடிந்துகொண்டிருந்தது. பாட்டியின் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. அவர் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். நம் வீட்டு நீர் நமக்குத் தொல்லையில்லாமல் போனால் மட்டும் போதாது. அது பிறர் வீட்டுக்குள் புகாமல் போகவேண்டும்.