ஈயத்தை உருக்காதீங்க, சார்!

என் வீட்டில் ஒரு சால்டரிங் அயர்ன் இருக்கிறது. 25 வாட். அதை நான் கையில் எடுத்தால் போதும், என் மனைவி மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். அப்படி ஒரு நம்பிக்கை என் மேல்! இந்தப் பேரை நான் சம்பாதித்தது 1997-ல், அப்பாவின் ரேடியோவில்.

அப்பா அப்போது இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். டி.வி. ஹாலில். அவர் அறையில் துணைக்கு இருந்தது அந்தப் பழைய டிரான்ஸிஸ்டர் மட்டும்தான். காலை 7.15 செய்தியில் ஆரம்பித்தால் ராத்திரி தூங்குகிற வரை அது பேசிக்கொண்டே இருக்கும்; அவரும் அதோடு பேசிக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி மாற்றுகிறேன் பேர்வழி என்று மூடியைப் பிடித்து இழுத்தேன். பேட்டரிப் பெட்டியிலிருந்து உள்ளே போகிற சிவப்பு வயர் நட்டநடுவில் அறுந்தது.

"கடையில குடுத்துடுடா" என்றார் அப்பா.

"இதுக்குப் போய் கடையா? ரெண்டு நிமிஷ வேலைப்பா!"

பேசியது நான் இல்லை. என் பி.காம். பட்டம். மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேராக ரிச்சி தெரு. அயர்ன், ஈயம், ஒரு டப்பா பேஸ்ட். (கடையில் 'ஈயம்' என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். 'லெட்' என்று கேட்க வேண்டும்.) வீட்டுக்கு வந்து அறுந்த முனைகளை முறுக்கினேன். அயர்ன் நுனியில் ஈயத்தை வைத்து உருக்கி, கரண்டியில் நெய் எடுத்துச் சாதத்தில் விடுகிற மாதிரி வயர் மேல் விட்டேன். பளபளவென்று ஓர் உருண்டை உட்கார்ந்தது. காபி ஆற்றுகிற மாதிரி உஃப் உஃப் என்று ஊதினேன். ரேடியோ பாடியது! ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

மூன்றாம் நாள் விடியற்காலை, தண்ணீர் குடிக்க எழுந்தவன் காதில் விழுந்தது அந்தச் சத்தம். டொக்... டொக்... எட்டிப் பார்த்தேன். அப்பா இருட்டில் ரேடியோவின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டினால் கொஞ்சம் பாடும். நின்றுவிடும். மறுபடி டொக்.

"எப்பலேர்ந்துப்பா இப்படி?"

"நீ சரி பண்ணினதுலேர்ந்துதான். பரவால்லடா, தட்டினா பாடுது. நீ ஆசையா செஞ்சே..."

விடிந்ததும் முதல் வேலையாக, ரேடியோவைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். அவர் மூடியைக் கழற்றி, நான் செய்த உருண்டையை நகத்தால் நெம்பினார். பொட்டுக்கடலை மாதிரி கழன்று மேஜையில் உருண்டது. அடியில் தாமிரம் அப்படியே இருந்தது. ஈயம் தொட்ட சுவடே இல்லை.

"ட்ரை சால்டர் சார்" என்றார். "ஈயத்தை உருக்கி ஊத்தியிருக்கீங்க. ஈயத்தை யார் உருக்கச் சொன்னா? நீங்க வயரைச் சுட வைங்க. ஈயத்தை வயர் உருக்கிக்கும்!"

மொத்தப் பாடமும் அதுதான். மீதியெல்லாம் அதற்கு உரை.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது பாதி தெரியும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும்? சொம்பு போய், ஒரு குட்டை இருக்கும்! அது வெள்ளீயம். உருகுவதற்கு 232 டிகிரி செல்சியஸ் போதும். காரீயத்துக்கு 327 டிகிரி. இந்த இரண்டையும் 60-க்கு 40 என்று கலந்தால் கிடைப்பதுதான் சால்டர் ஈயம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கலவை இரண்டையும் விடக் குறைவாக, 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். ஆகவே பற்ற வைக்கும்போது வயர் உருகுவதில்லை. வயர் போதுமான சூட்டில் இருந்தால், உருகிய வெள்ளீயம் தாமிரத்தின் மேல்தோலோடு கலந்து, மெல்லிசாக ஒரு புதுப் படலமாக ஆகிவிடுகிறது. நகத்தால் நெம்பினால் வராது. வயர் ஆறிக் கிடந்தால்? தாமரை இலைத் தண்ணீர்தான். பக்கத்தில் இருக்கும், ஒட்டாது.

இன்னொரு சங்கதி. எலெக்ட்ரானிக் வேலைக்கென்று விற்கிற ஈயக் கம்பியின் நடுவில், முருங்கைக்காய்க்குள் சதை மாதிரி, பைன் மரத்துப் பிசின் ஓடுகிறது. தாமிரத்தின் மேல் படிந்த கறையைத் தின்று சுத்தம் செய்வது அதன் வேலை. நான் செய்த மாதிரி நுனியில் உருக்கி எடுத்துப் போனால், பிசின் வழியிலேயே புகைந்து தீர்ந்துவிடும். வேலைக்காரனை வாசலிலேயே அனுப்பிவிட்டு வீட்டைப் பெருக்கச் சொன்ன கதை! பேஸ்ட் டப்பா எனக்குத் தேவையே இல்லை. தகரம் பற்ற வைக்கிறவர்களின் ஆசிட்டை மட்டும் வயர் பக்கமே கொண்டுவராதீர்கள். நாளாக ஆக வயரை அரித்துவிடும்.

சரி, செய்முறை. முதலில் ஸ்லீவ். சூடு காட்டினால் சுருங்குகிற கறுப்புக் குழாய். அதை வயரில் மாட்டி, தள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்த காரியம். பற்ற வைத்து முடித்து, அழகு பார்த்து, ஸ்லீவைத் தேடினால் அது மேஜை மேல் இருக்கும். எனக்கு இன்றைக்கும் மூன்றுக்கு ஒரு தடவை இது நடக்கிறது.

முனையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு உறையைச் சீவுங்கள். உள்ளே கறுத்திருந்தால் ஈயம் பிடிக்காது. செக்கச்செவேல் என்று தாமிரம் தெரிகிற வரை வெட்டுங்கள், அல்லது பிளேடால் சுரண்டுங்கள். (இயர்போன் வயரில் ஒரு தந்திரம் உண்டு. இழை செம்பு நிறமாகத்தான் தெரியும், ஆனால் மேலே வார்னிஷ் பூச்சு. சுரண்டாமல் வைத்தால் சாயங்காலம் முழுக்க அம்பேல்.) இரண்டு முனைகளையும் எக்ஸ் மாதிரி குறுக்கே வைத்து, ஒன்றை மற்றதன் மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். அமெரிக்காவில் தந்திக் கம்பி இழுத்தவர்கள் அந்தக் காலத்திலேயே இப்படித்தான் இணைத்தார்கள். இழுத்தால் தளராது, இன்னும் இறுகும். இழுவையைத் தாங்குவது முறுக்கின் வேலை, ஈயத்தின் வேலை அல்ல.

அயர்ன் நுனியை ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, பொட்டு ஈயம் தடவிக்கொள்ளுங்கள். அந்த ஈரப்பசை இல்லாவிட்டால் சூடு வயருக்கு இறங்காது. நுனியை இணைப்புக்குக் கீழே வைத்து, இரண்டு மூன்று எண்ணுங்கள். ஈயக் கம்பியை மேல் பக்கம், வயரில் தொடுங்கள். நுனியில் அல்ல, வயரில்! சூடு வந்திருந்தால் ஈயம் சர்ரென்று இழைகளுக்குள் ஓடிவிடும். முதல் தடவை அதைப் பார்க்கிறவன் ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. முதலில் ஈயத்தை எடுங்கள், பிறகு அயர்னை. உறைகிற வரை ஆட்டக் கூடாது. முக்கியமாக, ஊதக் கூடாது! நல்ல இணைப்பில் முறுக்கின் வரிகள் ஈயத்துக்கு அடியில் தெரியும். உருண்டை தெரிந்தால் என் அப்பாவின் ரேடியோதான்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை பிசினுடையது, இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. காரீயம் கையில் ஒட்டும்; கழுவாமல் பஜ்ஜியைத் தொடாதீர்கள். ஐரோப்பாவில் 2006-லிருந்து பெரும்பாலான எலெக்ட்ரானிக் சாமான்களில் காரீயத்துக்குத் தடை. காரீயமில்லாத ஈயம் உருகப் பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், பொறுமையும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மெக்கானிக் அன்றைக்குக் கடைசியாகச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வித்தை பேட்டரி, ஸ்பீக்கர், சார்ஜர் நுனி வரைக்கும்தான். "மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி வயர் அறுந்தா ஒட்டுப் போடாதீங்க சார். முழு வயரையும் மாத்துங்க." பிளக்குக்குள் ஸ்க்ரூவில் மாட்டுகிற முனைக்கும் ஈயம் பூசக் கூடாதாம். ஈயம் மெது. ஸ்க்ரூ அழுத்த அழுத்த மெல்ல விலகும், பிடி தளரும், சூடேறும், ஒரு நாள் பிளக் கருகும். வீட்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் டேபிள் ஃபேன் பிளக்கைக் கழற்றினேன். முந்தின நாள் நான் 'பலப்படுத்தி' வைத்த பிளக். வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினேன். இது மனைவிக்கு இந்தக் கட்டுரை வரைக்கும் தெரியாது.

ரேடியோவை மெக்கானிக் பக்கத்தில் நின்று நானே பற்ற வைத்தேன். ஆறு தடவை வீண், ஏழாவது உருப்படி. அவர் நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடியைப் போட்டார். காசு வாங்கவில்லை.

அப்பாவிடம் கொடுத்தேன். பாடியது. நிற்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் மறுபடி டொக்... டொக்.

பதறிக்கொண்டு ஓடினேன். ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"பழக்கமாயிடுச்சுடா" என்றார் அப்பா.