ஒரு கிட்னி போனா மிச்சம் பாதியா?

ஒடுகத்தூர் பக்கம் யாருக்காவது வயித்துல கட்டின்னா, பெரும்பாலும் ஓடுறது வேலூருக்குத்தான். அங்கே டாக்டர், "கட்டி கிட்னியோட ஒட்டி இருக்கு, சேர்த்துத்தான் எடுக்கணும்" என்று சொன்னால் கையெழுத்துப் போடுபவருக்குக் கை நடுங்கும். வீட்டில் படிச்ச பிள்ளை நீங்கதான். உங்களைத்தான் கேட்பார்கள், "ஒத்த கிட்னியோட வாழ முடியுமாப்பா?"

முடியும். 1869-லேயே ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் குஸ்டாவ் சைமன் செய்து காட்டிவிட்டார். சினைப்பைக் கட்டி ஆபரேஷனில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்க்குழாய் சேதமாகி, சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தது. நாய்களிடம் சோதித்துப் பார்த்த பிறகு, அந்தப் பக்கக் கிட்னியையே எடுத்தார். அந்தப் பெண் பிழைத்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். வடிகட்டும் வேகம் இரண்டுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 100 மில்லி என்று வையுங்கள். ஒன்று போனால் 50தானே? முதலில் அப்படித்தான். ஆனால் சில வாரங்களில் அது 60, 70 வரை ஏறும். புது நெஃப்ரான் முளைக்காது; பிறக்கும்போது இருந்த எண்ணிக்கைதான். உள்ளே வரும் ரத்தக்குழாய் விரிகிறது, ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, இருக்கிற நெஃப்ரான்கள் பருக்கின்றன. இரண்டு பம்ப்பும் எப்பவுமே ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஒன்றை நிறுத்தியதும் மற்றது வேகம் கூட்டுது, அவ்வளவுதான். (ஸ்பேர் கிட்னி என்று சொல்வது அதனால்தான் எனக்குப் பிடிக்காது.)

வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் சிறுநீரக மாற்று நடந்த காலத்திலிருந்து, கிட்னி கொடுத்தவர்கள் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறார்கள். ஆனால் தானம் தருபவர் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆரோக்கியமான ஆள். கட்டி வந்தவருக்கு வயசு, சுகர், பிரஷர் எல்லாம் இருக்கலாம்; மிச்சக் கிட்னி அவ்வளவாக ஈடுகட்டாது. இன்னொரு பக்கம், கட்டி ரொம்ப நாளாக அமுக்கி அந்தக் கிட்னி ஏற்கெனவே சோர்ந்திருந்தால், மற்றது முன்பே சுமையை ஏற்றிருக்கும். அதை எடுத்தாலும் பெரிய சரிவு தெரியாது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: "எந்தக் கிட்னி எத்தனை சதவீதம் வேலை செய்யுது, ஸ்கேன்ல பார்த்தீங்களா?"

பிறகு ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 0.8-லிருந்து 1.2 ஆனால் பதறாதீர்கள். 100, 65 ஆனால் கிட்டத்தட்ட அந்த எண்தான் வரும். அதே இடத்தில் நிற்குதா, மாசாமாசம் ஏறுதா என்பதுதான் விஷயம். சிறுநீரில் புரதம் போகுதா, பிரஷர் எப்படி என்பதையும் பார்க்கணும். சிஸ்பிளாட்டின் மாதிரி சில கீமோ மருந்துகள் கிட்னியைத் தாக்கும். மிச்ச வடிகட்டும் வேகத்தைப் பார்த்துத்தான் அளவு முடிவாகும்.

பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கு. மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும், விரிந்து வேலை செய்யும் அதே ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். வேலூர் வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் அதைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அவங்க போன்லயே வைத்துவிடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடையில் மாத்திரை கேட்டாலும், முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.