பசிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளை

டெல்லி எய்ம்ஸ் மனநல மருத்துவர்கள் கண்டேல்வால், சரண், சக்சேனா மூவரும் 1995-இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சாப்பிட மறுப்பு, வாந்தி, எடைச் சரிவு, நின்றுபோன மாதவிலக்கு என எல்லாமே ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற உண்ணுதல் கோளாறின் அடையாளங்கள். ஆனால் எலும்பும் தோலுமான பிறகும் தன்னைக் குண்டாகவே காணும் கோளாறு, மேலைநாட்டுப் பாடநூல்கள் முதலில் தேடச் சொல்வது, அவர்களிடம் தென்படவில்லை.

முப்பது ஆண்டு பழைய கட்டுரைதான். ஆனாலும் இன்றைக்கு நம் வீடுகளில் நோய் பிடிபடாமல் போவதற்கான காரணம் அதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ‘ஒல்லியாக வேண்டும்’ என்று அறிவித்துவிட்டுப் பட்டினி கிடப்பதில்லை. “வயிறு உப்புசமா இருக்கும்மா” என்பார்கள். “கேன்டீன்லயே சாப்பிட்டுட்டேன்” என்பார்கள். வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் நீளும். வீட்டில் பெருமைகூடப் படுவார்கள். 1989-இல் கிங், புக்ரா என்ற இரு மருத்துவர்கள் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேலைநாட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்தபோதும் விரதப் பழக்கம் விடைகளைக் குழப்பியது. எது பக்தி, எது நோய் என்று அந்தத் தாளால் பிரிக்க முடியவில்லை.

அதனால் முதலில் வயிற்று டாக்டர், எண்டோஸ்கோப்பி. பிறகு தைராய்டு, காசநோய்ப் பரிசோதனை. மாதவிலக்கு நின்றதும் மகப்பேறு மருத்துவர். நடுவில் திருஷ்டி கழிப்பதும் உண்டு. அதனால் கெடுதல் இல்லை, நாள்தான் போகிறது. மனநல மருத்துவரிடம் வரும்போது பல மாதங்கள் கழிந்திருக்கும்.

நோயை வரையறுக்கும் விதிகளே இதற்குள் மாறிவிட்டன. 2013-இல் வந்த அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு, மாதவிலக்கு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. எடை கூடும் என்ற பயத்தை நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தாலே போதும் என்றது. ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும். பார்க்க ஒல்லியாக இல்லாதவர்களுக்கும், மளமளவென்று எடை இறங்கினால், அதே ஆபத்து உண்டு.

வீட்டில் என்ன பார்க்கலாம்? டெல்லியின் மே மாத வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத பெண். சில்லிட்ட விரல்கள், கையில் புதிதாக முளைத்த பூனைமுடி. சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது. வாந்தியெடுக்க விரலை விடுவதால் விரல் முட்டியில் பல் பதிந்த தழும்பு. கன்னத்தின் ஓரம் வீக்கம், பல் கூச்சம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அவசரத்துக்குக் காரணம் இதயம். அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் சரியும், இதயத் துடிப்பு தடுமாறும். பட்டினியில் நாடி தளரும். வளரிளம் பருவத்தினருக்குப் பகலில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. 2011-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, அனோரெக்சியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதினரைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், இணையத்தைப் பார்த்துக் கடும் டயட் இருந்த 18 வயதுப் பெண் உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக நெய்யும் இனிப்பும் ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எப்போது என்பதை ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

‘வளர்ப்பு சரியில்லை’ என்று அம்மாவைக் குறை சொல்வோருக்கு 2019-இல் பதில் கிடைத்தது. ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டார்கள். மனநோய்களோடு மட்டுமல்ல, உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் அதற்கு மரபுத் தொடர்பு இருந்தது. ஆய்வுக்கு எடுத்த மாதிரிகள் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. நம்மவர்களை வைத்தும் இப்படி ஒன்று நடக்க வேண்டும்.

அனோரெக்சியாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவது குடும்பம் வழியான சிகிச்சை. சிகிச்சையாளரின் வழிகாட்டுதலில் பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, எடை தேறத் தேற அதைப் பிள்ளையிடம் திருப்பித் தருவார்கள். 2010-இல் 121 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், சிகிச்சை முடிந்து ஓராண்டில் இந்த முறையில் 49 சதவீதம் பேர் முழுமையாகத் தேறினர், தனிநபர் சிகிச்சையில் 23 சதவீதம். நம் வீடுகளுக்கு இது ஒத்துவரும் என்பது என் எண்ணம். அதற்காகப் பாட்டி, அத்தை, சித்தி எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து “பாரு, எப்படி ஆயிட்ட” என்று பேசக்கூடாது. தேறவும் நாளாகும். பாஸ்டனில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது ஒன்பது ஆண்டில் 31 சதவீதமும், 22 ஆண்டில் 63 சதவீதமும் அனோரெக்சியாவிலிருந்து மீண்டிருந்தார்கள்.

செலவுக்கு எங்கே போவது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 18-ஆம் பிரிவு. டெல்லியில் எய்ம்ஸ், ராம் மனோகர் லோகியா மருத்துவமனை, தில்ஷாத் கார்டனில் உள்ள இபாஸ் மனநல மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது 21(4)-ஆம் பிரிவு. பாலிசியில் மனநோய்க்கு விலக்கு இருக்கிறது என்று கிளெய்மை மறுத்த பொதுத்துறை நிறுவனமான நேஷனல் இன்சூரன்ஸுக்கு எதிராக, 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா சிங் தீர்ப்பளித்தார். அந்த வழக்கு வேறொரு மனநோய் தொடர்பானது என்றாலும் சட்டம் ஒன்றுதான்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பலவீனம்’, ‘இரைப்பை அழற்சி’ என்று மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். நோயின் பெயரும், எஃப்50 என்ற சர்வதேசக் குறியீடும் இருக்கட்டும். நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணமில்லை. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தருகின்றன. இந்த நோய்க்கோ வெளிநோயாளிச் சிகிச்சையே அதிகம். சட்டம் வந்த பிறகும் இந்த ஓட்டை அடைபடவில்லை.

மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் இதே மனநலச் சட்டத்தில் விதிகள் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் விண்ணப்பிக்க, இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால்தான் மனநல வார்டில் சேர்க்கலாம். பெரியவர்களோடு வைக்கக்கூடாது, வீட்டார் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வயது வந்தவர் மறுத்தால்? தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பவரை 89-ஆம் பிரிவின்கீழ் 30 நாள் வரை சேர்க்க வழி உண்டு. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதும் ரகசியம் காக்கச் சொல்வதும் நோயாளியின் உரிமை. குறை இருந்தால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். இலவசச் சட்ட உதவிக்கு டெல்லியில் 1516.

‘பத்தே நாளில் பத்து கிலோ’ விளம்பரங்களையும் விடாதீர்கள். உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். 2025-இல் நம் சந்தைக்கு வந்த எடைகுறைப்பு ஊசிகள் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே வாங்க வேண்டியவை. உண்ணுதல் கோளாறு உள்ள பிள்ளையின் கைக்கு அவை எட்டவே கூடாது.

யாரிடம் முதலில் பேசுவது என்று தயங்குபவர்கள் ‘டெலி மானஸ்’ எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம். பிள்ளை மயங்கி விழுந்தாலோ நாடி தளர்ந்தாலோ போனில் நேரத்தைப் போக்காமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்; அங்கே இசிஜியும் பொட்டாசியம், பாஸ்பேட் பரிசோதனையும் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.