ஓய்வு நேரமும் வர்க்க நலனும்: சிக்காகோ வாபாஷ் வீதி இளைஞர் நிலையம் பற்றிய சில குறிப்புகள்

கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் இளைஞர் நிலையங்களை மதிப்பிடும்போது முற்போக்காளராகிய நாம் பெரும்பாலும் ஒரே சொல்லில் விடயத்தை முடித்துவிடுகின்றோம். சமயம் என்றதும் 'அபின்' என்ற சொல் நாவில் வந்துவிடுகின்றது. ஆய்வும் அத்துடன் நின்றுவிடுகின்றது. நிலையத்தின் செலவை யார் கொடுக்கின்றனர், அதனை நடத்துபவர் யாருக்குப் பொறுப்புச் சொல்கின்றார், உள்ளே வரும் பையனும் அவன் குடும்பமும் அங்கு எதைப் பெறுகின்றனர் என்பன வினவப்படாமலே விடப்படுகின்றன. போதிய சான்றுகள் கிடைக்கும் நிலையமொன்றை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை எழுப்புவதே எமது நோக்கமாகும். அது ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில், கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த தென்பகுதியில், 1913 இல் திறக்கப்பட்ட வாபாஷ் வீதி வை.எம்.சி.ஏ. நிலையமாகும்.

வாலிபர் கிறிஸ்தவ சங்கம் 1844 இல் லண்டனில் தோன்றியது. அதனை ஆரம்பித்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. பின்னர் அதே கடையின் பங்காளியானவர். கடையிலேயே உண்டு உறங்கி நாள் முழுவதும் உழைத்த இளைஞருக்கு எஞ்சிய சில மணித்தியாலங்களை மதுக்கடையிலிருந்து மீட்பது சங்கத்தின் இலட்சியமாயிருந்தது. தொழிலாளியின் வேலை நேரம் முதலாளிக்குரியது. ஓய்வு நேரம் எவருக்குரியது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அமெரிக்காவுக்குச் சென்ற சங்கம் அங்குள்ள நிறப் பாகுபாட்டையும் ஏற்றுக்கொண்டது. கறுப்பினத்தவருக்கெனத் தனிக் கிளைகள் அமைந்தன. நிறப் பிரிவினையைக் கைவிடுமாறு சங்கத்தின் தேசிய பேரவை தீர்மானித்தது 1946 இலேயே.

வாபாஷ் வீதிக் கட்டடத்துக்குப் பணம் வந்த வழி நோக்கற்பாலது. சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனத்தின் தலைவரும் யூதருமான ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பின மக்களுக்கு வை.எம்.சி.ஏ. கட்ட முன்வரும் எந்நகருக்கும், அந்நகரோர் 75,000 டொலர் திரட்டினால், தாம் 25,000 டொலர் தருவதாக அறிவித்தார். சிக்காகோவில் அவரைத் தொடர்ந்து அதேயளவு தொகை கொடுத்தோருள் ஒருவர் அறுவடை இயந்திர உற்பத்தியாளர் சைரஸ் மக்கோர்மிக். 1886 இல் எவரது தொழிற்சாலை வாயிலில் வேலைநிறுத்தக்காரர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, அதன் தொடர்ச்சியாக ஹேமார்க்கற் சம்பவமும் மே தினமும் உருவாயினவோ, அந்நிறுவனத்தின் தலைவரே இவர். கறுப்பினத் தொழிலாளரும் தம் சிறு வருவாயிலிருந்து பணம் கொடுத்தனர் என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

1910 இல் ஏறத்தாழ 44,000 ஆயிருந்த நகரின் கறுப்பின மக்கள்தொகை 1920 இல் 109,000 ஐத் தாண்டியது. தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களிலிருந்து புகைவண்டியில் வந்திறங்கிய இளைஞனுக்குப் படுக்க ஓர் அறை, குளிக்க நீர், தொழிற்பயிற்சி, வேலை பற்றிய தகவல் ஆகியவற்றை நிலையம் அளித்தது. நீச்சற் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் சிறுவரை ஈர்த்தன. இவற்றை வெறும் தூண்டில் எனக் கூறுவது எளிது. ஆயின் வெள்ளையர் குளங்களில் இறங்க முடியாத சிறுவனுக்கு அது தூண்டிலன்று, குளமே. (சிறுமியருக்கு இக்கட்டடத்தில் அதிக இடமிருக்கவில்லை, ஆண்பிள்ளையின் ஓய்வையே சமூகம் அபாயமாகக் கருதியது போலும்.) இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் பல கறுப்பினத்தவரை உறுப்பினராக்க மறுத்த காலம் அது. வர்க்க இயக்கம் தன் கதவை மூடிய இடத்திலேயே வை.எம்.சி.ஏ. தன் கதவைத் திறந்தது.

அக்கதவின் சாவியில் இறைச்சி பதனிடும் நிறுவனங்களுக்கும் பங்கிருந்தது. அவற்றின் நன்கொடையுடன் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளருக்கென 'வினைத்திறன் கழகங்கள்' அமைக்கப்பட்டன. உறுப்புரிமைக் கட்டணத்தை நிறுவனமே செலுத்தும் வழக்கமும் இருந்தது. நேரந்தவறாமை, ஒழுக்கம், நிறுவன விசுவாசம் என்பன அங்கு போதிக்கப்பட்டன. 1917 முதல் இறைச்சித் தொழிலாளரை இன வேறுபாடின்றி ஒன்றுதிரட்ட முயன்ற சங்கத்தினர் இக்கழகங்களை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. 1919 யூலையில் இனக்கலவரம் மூண்டு 38 பேர் மாண்டபோது, தொழிற்சாலைக்குச் செல்லமுடியாதிருந்த கறுப்பினத் தொழிலாளருக்கு அந்நிலையத்தில் வைத்துச் சம்பளம் வழங்கப்பட்டது. பசித்த குடும்பங்களுக்கு அது பேருதவி. நிலையம் எவருடைய நீட்டிய கை என்பதற்கு அதுவே சான்று.

எனினும் இதே கட்டடத்தில் 1915 செப்டெம்பர் 9 ஆந் திகதி வேறொன்றும் நிகழ்ந்தது. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, ஹார்வாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற கார்ட்டர் ஜி. வூட்சன், அங்கு வைத்தே நீக்ரோ வாழ்வு, வரலாறு பற்றிய ஆய்வுச் சங்கத்தை நிறுவினார். கறுப்பின மக்களின் வரலாறு கல்வித்துறையில் நிலைபெற்றதற்கு அடிப்படையிட்ட நிகழ்ச்சி அது. அவருடன் இருந்த சிலருள் ஒருவர் அலெக்சாண்டர் எல். ஜாக்சன், நிலையத்தின் நிருவாகச் செயலாளர். வினைத்திறன் கழகங்கள் இயங்கியதும் இவரது நிருவாகத்தின் கீழேயே. ஒரே மனிதர், ஒரே கட்டடம்: ஒரு மண்டபத்தில் முதலாளிக்கு விசுவாசமான தொழிலாளி; மறு அறையில் தன் வரலாற்றைத் தானே எழுத முற்பட்ட மக்கட் கூட்டம். இவ்விரண்டையும் முரண்பாடெனக் கொண்டு ஒன்றைப் புறக்கணிப்போமாயின் நிறுவனத்தின் இயல்பை நாம் புரிந்துகொள்ள முடியாது. நடுத்தர வர்க்கச் செயலாளர் இருபுறமும் பொறுப்புச் சொல்லவேண்டியிருந்தார். கட்டடத்தை இயக்கப் பணம் மேலிருந்து வந்தது. அறைகளை நிரப்பிய மனிதரோ கீழிருந்து வந்தனர். எந்த அறையில் என்ன பேசப்படும் என்பதை நன்கொடையாளர் முழுமையாக நிர்ணயிக்க முடியவில்லை.

1937 இல் தோன்றிய இறைச்சித் தொழிலாளர் அமைப்புக் குழு கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே சங்கத்தில் இணைப்பதில் வெற்றி கண்டது. அதன் பின்னர் கறுப்பினத் தொழிலாளி நாடிச் செல்ல இன்னொரு மண்டபமும் இருந்தது. வாபாஷ் வீதி நிலையம் பிற்காலத்தில் மூடப்பட்டு நெடுநாள் பாழடைந்து கிடந்தது; அயலிலுள்ள திருச்சபைகள் சில ஒன்றுசேர்ந்து அதனை இடிப்பிலிருந்து காத்தன. புதுப்பிக்கப்பட்டு 2000 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டபோது, அதன் மேல்மாடிகள் முன்போலவே குறைந்த வருவாயுடையோர் வாடகைக்குத் தங்கும் அறைகளாயின.